விண்டோஸில் எதுவரை கை வைக்கலாம்?

2021 அக்டோபர் 5ஆம் தேதி விண்டோஸ் 11 வெளிவந்தபோது எல்லோரும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட ஸ்டார்ட் பட்டனைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, செட்டிங்ஸில் போய் இடது பக்கத்துக்கு மாற்றினால் கதை முடிந்தது. நான் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போனது வேறு ஒன்று. டாஸ்க்பாரை, அதாவது திரையின் அடியில் ஐகான்கள் நிற்கும் அந்தப் பட்டையை, பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளும் வசதி. விண்டோஸ் 95இல் டாஸ்க்பார் வந்த நாளிலிருந்து அது இருந்தது, மவுஸால் பிடித்து இழுத்தால் எந்த ஓரத்தில் வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். 11 வந்தபோது அது இல்லை.

இதற்கெல்லாமா ஒரு பதிவு என்று கேட்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் இன்னும் 1366க்கு 768 திரைதான். அகலம் தாராளம், உயரத்துக்குத்தான் பஞ்சம். விண்டோஸ் 10இல் 40 பிக்சல் உயரமாக இருந்த டாஸ்க்பார் 11இல் 48 ஆனது. 768இல் 48 என்றால் பதினாறில் ஒரு பங்கு. அதோடு பிரவுசரின் டேப் வரிசை, முகவரிப் பட்டை, வேர்டைத் திறந்தால் அந்த ரிப்பன் என்று எல்லாமே உயரத்தில்தான் பங்கு கேட்கும், கடைசியில் படிக்கவும் எழுதவும் நமக்கு மிஞ்சுவது நடுவில் ஒரு பட்டை. நாள் முழுக்க நீளமான ஆவணங்களைத் திருத்துகிற வேலை எனக்கு. டாஸ்க்பார் ஓரமாக நின்றால் இரண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரியும், அந்த இரண்டு மூன்று வரிதான் எனக்கு வேண்டும்.

நடந்தது என்னவென்றால், 11க்காக டாஸ்க்பாரைப் புதிதாக எழுதினார்கள், எழுதும்போது பழையதில் இருந்த பல விஷயங்களை எடுத்துவரவில்லை. கோப்பை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்க்பார் ஐகான் மேல் விடும் வசதி 2022இல் திரும்பி வந்தது. ஒரே புரோகிராமின் ஜன்னல்களை ஒன்றாகக் குவிக்காமல் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2023 வரை காத்திருக்க வைத்தது. இப்படித் தவணை முறையில் வருவதற்காக உட்கார்ந்திருக்க முடியாதவர்கள்தான் ட்வீக் (உள்ளே செய்யும் சின்னத் திருத்தம்), ஆட்-ஆன் (வெளியிலிருந்து சேர்க்கும் கருவி) என்று அலைகிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பல வருடங்களாக இதில் விளையாடியதில் எனக்கு ஒரு கட்சி உருவாகியிருக்கிறது. என்ன ட்வீக் செய்கிறோம் என்பதைவிட அது எவ்வளவு ஆழத்தில் போய்க் கை வைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலை மாற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆணி அடிக்கலாம், காலி செய்யும்போது அடைத்துக் கொடுத்தால் போதும். சுவரை இடித்து வாசலை வேறு பக்கம் வைத்தால் மட்டும், வீட்டுக்காரர் ஆள் அனுப்பி மாதா மாதம் பழுது பார்க்கும்போதெல்லாம் நமக்கும் அவருக்கும் சண்டை வரும். செட்டிங்ஸ் முதல் வகை. ரெஜிஸ்ட்ரி (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) இரண்டாவது. டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டுகிற புரோகிராமான எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் நம்முடைய புரோகிராம் கோடைச் செருகுவது மூன்றாவது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் அப்டேட்தான் வீட்டுக்காரரின் ஆள்.

முதல் வகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பெரும்பாலானோர் அதையே முழுதாகப் பார்ப்பதில்லை. விட்ஜெட்ஸை அணைப்பது, டிரான்ஸ்பரன்சி, அனிமேஷன் இரண்டையும் நிறுத்துவது, ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியச் செய்வது எல்லாமே செட்டிங்ஸிலும் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவிலுமே இருக்கின்றன. பழைய மெஷினில் அனிமேஷனை நிறுத்துவதுதான் கண்ணுக்குத் தெரிகிற வேக மாற்றம், அதற்கு எந்த மென்பொருளும் இறக்க வேண்டியதில்லை.

ரெஜிஸ்ட்ரிதான் சுவாரசியமான இடம். அதை ஏதோ மாந்திரீகம் மாதிரிப் பேசுவார்கள். விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். அதில் திரையில் எந்தப் பட்டனும் இல்லாத சில மதிப்புகள் இருக்கின்றன. பழைய ஆட்களுக்கு விண்டோஸ் 95, எக்ஸ்பி காலத்து ட்வீக் யூஐ ஞாபகம் இருக்கும், மைக்ரோசாஃப்டே பவர்டாய்ஸ் என்ற பெயரில் கொடுத்தது. அது செய்ததெல்லாம் இந்த ஒளிந்திருக்கும் மதிப்புகளுக்கு ஒரு டிக் பெட்டி வைத்துக் கொடுத்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மெனுஷோடிலே. கரண்ட் யூசர் கிளையில், கண்ட்ரோல் பேனலுக்குக் கீழே டெஸ்க்டாப் என்ற இடத்தில் இருக்கும். மவுஸை ஒரு மெனுவின் மேல் நிறுத்தினால் உள்மெனு விரிவதற்கு எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும், இயல்பாக 400. ‘விண்டோஸை ராக்கெட் வேகத்தில் ஓட வைக்க’ என்று தொடங்குகிற எல்லாக் கட்டுரையிலும் இதை 0 ஆக்குங்கள் என்று சொல்வார்கள். ஆக்கிப் பாருங்கள். மவுஸ் போகிற வழியில் இருக்கிற உள்மெனு எல்லாம் படபடவென்று விரிந்து மூடும். அதைவிட எரிச்சல், விரிந்த உள்மெனுவில் கீழே இருக்கிற ஒன்றைத் தொட மவுஸைக் குறுக்காகக் கொண்டுபோனால், வழியில் பக்கத்து மெனுவின் மேல் ஒரு கணம் பட்டதும் அது விரிந்து, நமக்கு வேண்டியது மறைந்துவிடும். அந்த 400 சோம்பேறித்தனம் இல்லை, கை குறுக்கே போவதற்காகக் கொடுத்த அவகாசம். என் மெஷினில் 100 வைத்திருக்கிறேன். வேகமாகவும் இருக்கிறது, கையும் தட்டுப்படவில்லை. இயல்பு மதிப்பு ஒன்றை மாற்றும் முன் அதை எதற்காக வைத்தார்கள் என்று அரை நிமிடம் யோசிப்பது நல்லது என்று இதை வைத்துத்தான் நண்பர்களிடம் சொல்வேன்.

அடுத்தது ரைட் கிளிக் மெனு. 11இல் ரைட் கிளிக் செய்தால் சுருக்கமான புது மெனு வருகிறது, நமக்கு வேண்டியது பெரும்பாலும் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்கு அப்பால் ஒளிந்திருக்கும். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. விண்டோஸ் 95 காலத்திலிருந்து எந்தப் புரோகிராமும் கேள்வி கேட்பாரில்லாமல் அந்த மெனுவில் வந்து தன் வரியைச் சேர்த்துக்கொண்டது. ஜிப் மென்பொருள் ஒரு வரி, ஆன்டிவைரஸ் ஒரு வரி, டிரைவர் ஒரு வரி. சேர்ந்தது வரி மட்டும் இல்லை, அந்தப் புரோகிராமின் கோடும் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஓடும், அதில் ஒன்று தடுக்கி விழுந்தால் எக்ஸ்ப்ளோரரே சேர்ந்து விழும். அதனால்தான் புது மெனு. இருந்தாலும் பழைய மெனு வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் போதும், இது பலருக்குத் தெரியாது, அப்புறம் எந்த ட்வீக்கும் தேவைப்படாமலே போகலாம்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு காலிச் சாவியை (கீ என்பார்கள், அந்த மரத்தில் ஒரு சின்னக் கிளை) உருவாக்கும் ட்வீக் இருக்கிறது. வெறும் காலியான ஒன்று எப்படி மெனுவையே மாற்றும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. விஷயம் இதுதான். விண்டோஸில் இந்த மாதிரி ஒவ்வொரு பாகத்துக்கும் 32 எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான அடையாளம் உண்டு. அந்த அடையாளத்துக்குரிய கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம் மெஷின் முழுக்கப் பொதுவான கிளையில் எழுதியிருக்கும். ஆனால் விண்டோஸ் முதலில் பார்ப்பது பயனருடைய சொந்தக் கிளையை. அங்கே அதே அடையாளத்தை எழுதி, கோப்பின் இடத்தைக் காலியாக விட்டால், எக்ஸ்ப்ளோரர் அங்கே வந்து தேடி, ஒன்றும் கிடைக்காமல், சரி பழைய மெனுவையே காட்டிவிடுவோம் என்று திரும்பிவிடுகிறது. பொதுக் கிளையை நாம் தொடவே இல்லை. அந்தக் காலிச் சாவியை அழித்தால் எல்லாம் பழையபடி. இந்த மாதிரி ட்வீக்தான் எனக்குப் பிடிக்கும், போட்டதும் தெரிய வேண்டும், எடுத்தால் தடயமும் இருக்கக் கூடாது.

இன்னொரு வகை பாலிசி சாவிகள். ஸ்டார்ட் மெனுவில் ‘நோட்’ என்று தட்டினால் நோட்பேடோடு சேர்த்து இணையத் தேடல் முடிவுகளும் வந்து நிற்கும் இல்லையா, அதை நிறுத்த டிசேபிள்சர்ச்பாக்ஸ்சஜஷன்ஸ் என்று ஒரு பாலிசி உண்டு, மதிப்பை 1 ஆக்கினால் போய்விடும். ஹோம் எடிஷனில் இவற்றை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது, ஆனால் அதே சாவியை ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதலாம். இந்த வகை அப்டேட்டில் அதிகம் உடைவதில்லை, காரணம் எளிது. ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்காகச் செய்து வைத்த வசதி அது. அதை உடைத்தால் பணம் கொடுக்கிற வாடிக்கையாளர் கத்துவார். நாம் அவர்கள் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறோம்.

இனி சுவரை இடிக்கிற கதைக்கு வருகிறேன், ஏனென்றால் செங்குத்து டாஸ்க்பாருக்கு ரெஜிஸ்ட்ரி போதாது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் எக்ஸ்ப்ளோரர்பேட்சர். ஆரம்பத்தில் அது ஓடியதற்குக் காரணமே, விண்டோஸ் 10இன் பழைய டாஸ்க்பார் கோடு 11க்குள் அழிக்கப்படாமல் கிடந்ததுதான். அதை எழுப்பிவிட்டது இந்தக் கருவி. எப்படி உள்ளே போகிறது என்பது ரசிக்கத்தக்கது. விண்டோஸ் கோப்புறையில், எக்ஸ்ப்ளோரர் டாட் எக்ஸி இருக்கிற அதே இடத்தில், டிஎக்ஸ்ஜிஐ டாட் டிஎல்எல் என்ற பெயரில் ஒரு கோப்பை வைக்கிறது (டிஎல்எல் என்பது புரோகிராம்கள் ஓடும்போது துணைக்கு எடுத்துக்கொள்ளும் கோடு உள்ள கோப்பு). அந்தப் பெயரில் நிஜமான கோப்பு, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கிறது. ஆனால் ஒரு புரோகிராம் டிஎல்எல் தேடும்போது முதலில் தன் பக்கத்திலேயே பார்க்கும். பார்த்ததும் இதைத்தான் எடுத்துக்கொள்ளும். இதே தந்திரத்தை வைரஸ் எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள், அதனால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அவ்வப்போது இந்தக் கருவியைப் பிடித்து வைப்பதைப் பார்த்து எனக்கு டிஃபெண்டர் மேல் கோபம் வரவில்லை.

பிரச்சினை அப்டேட்டில் வருகிறது. எக்ஸ்ப்ளோரருக்குள் இருக்கும் ஃபங்ஷன்கள் (தனித்தனி வேலை செய்யும் கோடுத் துண்டுகள்) இடம் மாறினால், செருகிய கோடு தவறான இடத்தில் போய்க் கை வைக்கும், எக்ஸ்ப்ளோரர் திறந்து திறந்து மூடும், திரை கருப்பாக மினுங்கும். டாஸ்க்பாரும் இல்லை, டெஸ்க்டாப்பும் இல்லை. பதற வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அது எக்ஸ்ப்ளோரரை நம்பி இல்லை. அதில் ‘ரன் நியூ டாஸ்க்’ கொடுத்து கமாண்ட் புராம்ப்டை அட்மினாகத் திறந்து, எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு அந்த டிஎக்ஸ்ஜிஐ கோப்பை அழித்தால் (விண்டோஸ் கோப்புறையில் இருப்பதை மட்டும், சிஸ்டம்32இல் இருப்பதைத் தொட்டுவிடாதீர்கள்) பழைய நிலைக்கு வந்துவிடும். இதைப் படிக்கும்போதே ‘ஐயோ’ என்று தோன்றினால் உங்களுக்கு இந்த வகை ஒத்துவராது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2024 ஏப்ரல் வாக்கில் விண்டோஸ் 11இன் 24ஹெச்2 சோதனைப் பதிப்புகளில் இன்னொரு கூத்து நடந்தது. எக்ஸ்ப்ளோரர்பேட்சர், அதே மாதிரிக் கருவியான ஸ்டார்ட்ஆல்பேக் இரண்டையும் ஓடவே விடாமல், பாதுகாப்பு அல்லது வேகப் பிரச்சினை வரும் என்று ஒரு செய்தியைக் காட்டி விண்டோஸே தடுத்தது. கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் ஓடியது! ஊரே சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அப்டேட் போட்டதும் டெஸ்க்டாப் வரவில்லை என்ற புகார் முதலில் போய்ச் சேர்வது மைக்ரோசாஃப்டுக்குத்தான், இலவசமாகக் கருவி எழுதியவருக்கு இல்லை.

அந்த இலவசமாக எழுதுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்தபோது லட்சக்கணக்கானவர்களுக்குக் கை கொடுத்தது, பழைய ஸ்டார்ட் மெனுவைத் திருப்பிக் கொடுத்த கிளாசிக் ஷெல். ஐவோ பெல்ட்சேவ் என்ற ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்து, சோர்ஸ் கோடைப் பொதுவில் விட்டுவிட்டார். நேரமில்லை என்பது ஒரு காரணம், வருடத்துக்கு இரண்டு முறை விண்டோஸ் 10 மாறுகிறது, ஒவ்வொரு முறையும் ஏதாவது உடைகிறது என்பது இன்னொரு காரணம். பெரிய கம்பெனி ஒன்று கோடை மாற்றிக்கொண்டே இருக்க, ஒற்றை ஆள் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஒருநாள் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஓப்பன்-ஷெல் என்ற பெயரில் வேறு சிலர் அதைத் தொடர்கிறார்கள். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்தக் கதை பழக்கம், அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

இப்போது நான் பயன்படுத்துவது விண்ட்ஹாக். விண்டோஸ் 7 காலத்தில் 7+ டாஸ்க்பார் ட்வீக்கர் என்று ஒன்று இருந்ததே, அதை எழுதிய அதே டெவலப்பருடையது. இதுவும் சுவரை இடிக்கிற வகைதான், ஆனால் இடிப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ‘மாட்’ என்ற தனித்தனித் துண்டு. டாஸ்க்பாரைச் செங்குத்தாக்க ஒன்று, உயரத்தைக் குறைக்க ஒன்று, டாஸ்க்பார் மேல் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் ஒலி கூடிக் குறைய ஒன்று, ஐகான் மேல் நடுபட்டனை அழுத்தினால் ஜன்னலை மூட ஒன்று. ஒவ்வொரு மாடும் சி பிளஸ் பிளஸ் சோர்ஸ் கோடாகவே வருகிறது, போடும் முன் திறந்து படிக்கலாம், கம்பைலும் (ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றுவது) நம் மெஷினிலேயே செய்துகொள்ளலாம். நான் எல்லா வரியையும் புரிந்து படிக்கிறேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் படிக்க முடிகிற நூறு பேர் படிக்கிறார்கள் என்பதே ஒரு தைரியம். உள்ளே எந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகப் பார்க்காமல், மைக்ரோசாஃப்ட் டீபக்கிங்குக்காக வெளியிடும் சிம்பல் கோப்புகளை இறக்கிப் பார்த்துக்கொள்கிறது, அதனால் சின்ன அப்டேட்டுகளை அது தாங்கிக்கொள்கிறது. பெரிய அப்டேட் வந்தால் அந்த ஒரு மாடை அணைத்து வைத்து, புது பதிப்பு வரும்வரை காத்திருக்கலாம், மற்றவை பாட்டுக்கு ஓடும். ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போடுங்கள், ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் சில ஆன்டி-சீட் மென்பொருள்களுக்கு இப்படிச் செருகுவது பிடிக்காது. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் பேச்சே வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் வெளியே, விண்டோஸின் உடம்பைத் தொடாமல் பக்கத்தில் நின்று வேலை செய்கிற கருவிகள் ஒரு கூட்டம் இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் என் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது இவைதான். 2019இல் மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸ் என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, ஓப்பன் சோர்ஸாக மறுபடி தொடங்கியது. அதில் இருக்கும் ஃபேன்சிஸோன்ஸில் திரையை நமக்கு வேண்டிய மாதிரிக் கட்டம் பிரித்து வைத்துக்கொண்டு, ஷிஃப்டை அழுத்தியபடி ஜன்னலை இழுத்துவிட்டால் கட்டத்துக்குள் போய் உட்காரும். பவர்ரீநேம் ஒன்றுக்காகவே முழுதையும் போடலாம், கேமராவிலிருந்து இறக்கிய நூற்றுக்கணக்கான படங்களின் பெயரை ஒரே தடவையில் மாற்றலாம். கோப்பு தேடுவதற்கு எவ்ரிதிங். விண்டோஸின் சொந்தத் தேடல் மாதிரி கோப்புறை கோப்புறையாக ஏறி இறங்காமல், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் முறை) டிஸ்க்கிலேயே இருக்கும் கோப்புப் பட்டியலை நேராகப் படித்துக்கொள்கிறது, தட்டத் தட்ட முடிவு வரும், தமிழில் பெயர் வைத்த கோப்புகளும் சேர்த்துத்தான்.

தமிழ் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். நம் ஆட்கள் விண்டோஸில் கை வைக்கக் கற்றுக்கொண்டது அழகுக்காக இல்லை. எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால், கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் ஆப்ஷன்ஸ் போய், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பெட்டியை டிக் செய்து, எக்ஸ்பி சிடியைப் போட வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி எங்கோ தொங்கும். சிடி இல்லாதவர்கள் ஐ386 கோப்புறையை யாரிடமாவது வாங்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அப்புறம் தட்டுவதற்கு அழகி, இ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர், முரசு அஞ்சல். இவை செய்ததும் ஒருவகையில் ஆட்-ஆன் வேலைதான், நாம் அழுத்தும் விசையை நடுவில் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பின. ட்வீக், ஆட்-ஆன் என்றால் பொழுதுபோகாத பையன்கள் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும், இது இல்லாமல் அன்றைக்குத் தமிழில் ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

என் கம்ப்யூட்டரில் நான் உயிராக நினைக்கும் ட்வீக்கும் தட்டச்சு சம்பந்தப்பட்டதுதான். கேப்ஸ் லாக் விசை. தமிழுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, தமிழ்99 விசைப்பலகையில் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், அவ்வளவு நல்ல இடத்தில், அவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. விசைகளுக்கு வேறு வேலை கொடுக்க உதவும் ஆட்டோஹாட்கீயில் ஒரே வரி எழுதி அதை விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தியதாக மாற்றிவிட்டேன். ஒரு தட்டில் தமிழ், மறு தட்டில் ஆங்கிலம். எப்போதாவது நிஜமான கேப்ஸ் லாக் வேண்டுமென்றால் ஷிஃப்டோடு அழுத்தினால் பழைய வேலையைச் செய்யும். ஒரு வரியில் இரண்டு மொழி கலந்து எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒன்று மட்டும், அட்மினாகத் திறந்த ஜன்னலில் இது வேலை செய்யாது, ஆட்டோஹாட்கீயையும் அட்மினாக ஓட்டினால்தான் நடக்கும். ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம் என்பவர்கள் பவர்டாய்ஸில் இருக்கும் கீபோர்டு மேனேஜரிலும் விசையை மாற்றிக்கொள்ளலாம்.

தோற்றத்தை மாற்றுகிற ஆட்டத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இல்லாத தீம் ஓடாது என்பதற்காக யூஎக்ஸ்தீம் டிஎல்எல்லையே பேட்ச் செய்து, எக்ஸ்பிக்கு விஸ்டா வேஷம், மேக் வேஷம் எல்லாம் போட்ட தலைமுறைதான் நாங்கள். 256 எம்பி ராமில் கண்ணாடி மாதிரி டைட்டில் பார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டாவது நாளே கண் பழகிவிடும், மெஷின் திணறுவது மட்டும் பழகாது. டெஸ்க்டாப்பில் கடிகாரம், வானிலை காட்டுவதற்கென்று விஸ்டாவோடு வந்த கேட்ஜெட்களையும் நினைத்துப் பாருங்கள். யார் யாரோ எழுதியவை, நம் கணக்கின் முழு அனுமதியோடு ஓடின. 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே பாதுகாப்பு எச்சரிக்கை கொடுத்து, மொத்தமாக அணைத்துவிடுங்கள் என்று சொன்னது.

நான் யாருக்கும் சிபாரிசு செய்யாதது ‘டீப்ளோட்’ ஸ்கிரிப்ட்கள். கட்டளை தட்டும் ஜன்னலான பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, இணையத்திலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டி, என்டர். விண்டோஸோடு வந்த தேவையில்லாத ஆப்களைத் தூக்கும் என்பார்கள். தூக்கும். கூடவே ஸ்டோரைத் தூக்கும், ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டும் வெப்வியூ2வைத் தூக்கும், அதை நம்பியிருக்கிற புது அவுட்லுக்கும் டீம்ஸும் நாளைக்கு ஏன் திறக்கவில்லை என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம். நல்ல நோக்கத்தோடு எழுதியவையும் உண்டு. ஆனால் ஒரே அடியில் நூறு மாற்றம் செய்தால் எது எதை உடைத்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு வேண்டாத ஆப் நாலைந்து, ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்தால் ஆயிற்று.

அதே பட்டியலில்தான், பழைய சாவிகளைத் துடைத்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும். ரெஜிஸ்ட்ரி மரத்தில் ஒரு சாவியைத் தேடுவது, அதன் பாதையில் நேராக இறங்கிப் போவது. பக்கத்துக் கிளையில் நானூறு பழைய சாவி கிடப்பதால் அந்த நடை தாமதமாகாது. வேகம் கூடாது, ஆபத்து மட்டும் கூடும். 2017இல் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம், பலரும் நம்பிய சிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே அதிகாரபூர்வ டவுன்லோடுக்குள் மால்வேர் நுழைந்திருந்தது. அப்புறம் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்தும் ட்வீக். அதே 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. வீட்டுக்காரரோடு எவ்வளவு சண்டை இருந்தாலும் பூட்டு மாற்ற வரும் ஆளைத் துரத்தக் கூடாது.

பெரிய அப்டேட் வரும்போது நான் செய்வது இவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியில் செய்த மாற்றங்களை ஒரு ரெக் கோப்பாகவும், அவற்றைத் திருப்புவதற்கு இன்னொரு ரெக் கோப்பாகவும் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் மேலும் எதற்கு என்று ஒரு வரிக் குறிப்போடு. விண்ட்ஹாக் மாடுகளை அணைத்துவிட்டு அப்டேட், அப்புறம் ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்ப்பேன். எது தேவையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது தெரிந்துவிடும். போன தடவை கடிகாரத்தை அழகுபடுத்தும் மாடை எழுப்ப மறந்துபோனேன், இன்னும் எழுப்பவில்லை.

அடுத்தவர் கம்ப்யூட்டர் என்றால் என் சட்டமே வேறு, அங்கே சுவர் பக்கமே போக மாட்டேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்ததால் அப்பாவுக்கு 11 போட்ட மெஷின் வாங்கினோம். எழுத்து அளவு 125 சதவீதம், ஸ்டார்ட் பட்டன் இடது மூலையில், தேடலில் இணைய முடிவுகள் கிடையாது, அவ்வளவுதான் செய்தேன். அவருக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான், சீட்டாட்டம் எங்கே? ஸ்டோரில் இருக்கும் சாலிடேர் நடுநடுவே விளம்பரம் காட்டுகிறது, அதை மூடும் பட்டனைத் தேடுவதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. பரணில் கிடந்த பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கி, சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து சால் டாட் எக்ஸி, கார்ட்ஸ் டாட் டிஎல்எல் என்ற இரண்டே கோப்புகளை எடுத்துவந்து, அவர் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையில் போட்டேன். ஹெல்ப் மட்டும் திறக்காது. மற்றபடி 2001இல் எக்ஸ்பியோடு வந்த ஆட்டம் 64 பிட் விண்டோஸ் 11இல் அட்டகாசமாக ஓடுகிறது. இப்போது ஃப்ரீசெல்லும் வேண்டுமாம், மறுபடி பரணில் ஏற வேண்டும்.